அலைன்மென்ட்டுக்கு 700 டாலரா? திருமங்கலத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமாச் சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியட்டும். திருமங்கலத்துல இருந்து கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன் போய் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்கீங்க. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுன 2010 டொயோட்டா ராவ்4 வாங்கியிருக்கீங்க. ஸ்டியரிங் வலப்பக்கம் இழுக்குது, முன் டயர் ரெண்டும் உள்பக்கமாத் தேயுது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்தைச் சரிபண்ற வேலை, பார்க்கப் போனா 700 டாலர்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஊர்ல அப்பா 600 ரூபாய்க்குப் பார்க்கிற வேலைக்கு இவ்வளவா, புதுசா வந்தவன்னு தலையில மிளகா அரைக்கிறாங்களான்னு கேக்குறீங்க.

அந்த 700 டாலர் அலைன்மென்ட்டுக்கு மட்டும் இருக்க வழியில்லை. ஒன்டாரியோவுல நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பார்த்தா 100ல இருந்து 150 டாலருக்குள்ள முடிஞ்சிடும், மேல 13 சதவீதம் வரி. மிச்சம் பூராம் தேஞ்ச பாகத்துக்கும் துருவுக்கும் போட்டதா இருக்கும். அதுல எது நியாயம், எது வாயில வந்த கணக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் உங்க சோலி.

நான் இப்ப லீவுல மதுரையில இருக்கேன். அப்பாவோட பழைய எக்கோஸ்போர்ட்டை பைபாஸ் ரோட்டுல ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்க இருக்கிற மெஷினும் டொரன்டோ பக்கம் இருக்கிற மெஷினும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாலு வீல்லயும் தகடு மாட்டுறாங்க, கேமரா பார்க்குது, திரையில சிவப்பு பச்சைன்னு கணக்கு வருது. வித்தியாசம் வண்டிக்கு அடியில இருக்கு. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியான டை ராடோட லாக் நட்டுல ஸ்பேனரைப் போட்டு அந்தப் பையன் ஒரே இழுப்பு இழுத்தான், கழண்டுச்சு. மதுரை வறண்ட ஊரு. ராமேஸ்வரத்துல வண்டி வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, உப்புக்காத்து அடியில என்ன செய்யும்னு சொல்லுவாங்க. உங்க வண்டி அதுக்கும் மேல. பனி உருக ரோட்டுல கொட்டுற உப்புலயே பல வருஷமா ஓடியிருக்கு. லாக் நட்டும், பின்பக்க ஆர்ம்ல இருக்கிற அட்ஜஸ்டிங் போல்ட்டும் இரும்போட இரும்பா ஒட்டிக் கிடக்கும். எண்ணெய் அடிச்சு ஊறவைக்கணும், நெருப்பு காட்டணும், சமயத்துல அறுத்தே எடுக்கணும். மெக்கானிக் கூலியே அங்கிட்டு மணிக்கு 100 டாலருக்கு மேல. அதனால போன்ல கேக்கும்போது "அலைன்மென்ட் எவ்வளவு"ன்னு மட்டும் கேக்காதீங்க. "போல்ட் இறுகிப் போயிருந்தா எவ்வளவு, தொடுறதுக்கு முன்னாடி என்னைக் கேப்பீங்களா"ன்னு கேளுங்க. ஒழுங்கான கடைக்காரர் இதுக்குத் தயங்காமப் பதில் சொல்லுவார்.

அலைன்மென்ட்ங்கிறது கடைசி வேலைங்க தம்பி. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, வீல் பேரிங்னு சக்கரத்தைத் தாங்குற மூட்டுகள் எதுலயாவது ஆட்டம் (லூஸ்) இருந்தா, மெஷின்ல பச்சை காட்டி வெளிய வந்த வண்டி முதல் குழியில இறங்கினதும் பழையபடி சிவப்புதான். ஆட்டத்தைப் பார்க்காம நேரா மெஷின்ல ஏத்துற கடையை விட, அடியில பார்த்துட்டு "இதை மாத்தாம அலைன்மென்ட் பண்ண மாட்டேன்"னு சொல்ற கடைதான் நல்ல கடை. உங்களுக்கு எழுதிக் கொடுத்தவங்க இந்த ரெண்டாவது ரகமா இருக்கலாம். "லிஃப்ட்ல ஏத்தி ஆட்டத்தைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. நம்ம ஊர் மாதிரி பக்கத்துலயே நின்னு பார்க்க அங்க விட மாட்டாங்க, ஆனா கேட்டா ரெண்டு நிமிஷம் கூட்டிட்டுப் போய்க் காட்டுறவங்க நிறைய. காட்ட மாட்டேன்னா வேற கடை பாருங்க.

டயர்ல நீங்களே கொஞ்சம் பார்க்கலாம். பழைய செருப்பைப் பார்த்தே நடையைச் சொல்ற மாதிரி, தேஞ்ச டயரும் கோணத்தைச் சொல்லிடும். ரோட்டைத் தொடுற டயர் பட்டன் மேல குறுக்கே விரலை ஓட்டுங்க. ஒரு பக்கமாத் தடவினா வழுவழுன்னும் எதிர்ப்பக்கம் தடவினா ரம்பப் பல்லு மாதிரியும் இருந்தா அது டோ தப்பு, அதாவது சக்கரம் முன்னாடி பார்த்து உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்குது. ரம்பம் இல்லாம உள்ஓரம் மட்டும் வழுவழுன்னு கரைஞ்சிருந்தா கேம்பர், சக்கரத்தோட தலை உள்ளாற சாய்ஞ்சிருக்கு. டோவைத் திருத்துறது சுலபம். உங்க வண்டியில முன்பக்கக் கேம்பரைத் திருத்தத் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அதுக்குன்னு இருக்கிற மெல்லிசு போல்ட்டை மாத்திப் போட்டுக் கொஞ்சம் இழுக்கலாம். அதுக்கும் அடங்கலைன்னா ஏதோ வளைஞ்சிருக்கு, இல்லை ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆட்டம் அடிக்கிறது, அதாவது 90, 100ல போகும்போது ஸ்டியரிங் நடுங்குறது, வேற வியாதி. அது பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுத்தி எடை சமமா இல்லாதது.

வலப்பக்கம் இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஒரு சந்தேகம் எனக்கு. தண்ணி வடிய ரோட்டை நடுவுல மேடா, ஓரத்துல சரிவாப் போடுறாங்க. கப்பலூர் டோல்கேட் தாண்டிப் போகும்போது நாம இடப்பக்கம் ஓட்டுறோம், வண்டியும் லேசா இடப்பக்கம் சாயும், நம்ம கை அறியாமலே அதைச் சரிக்கட்டிப் பழகியிருக்கும். அங்கிட்டு வலப்பக்கம் ஓட்டுறீங்க, சரிவும் வலப்பக்கம். புதுசா வர்ற நம்ம ஆளுங்க பல பேர் இதையே வண்டிக் கோளாறுன்னு நினைக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில காலியா, சமதளமா இருக்கிற பார்க்கிங் பார்த்து மெதுவா ஓட்டி, கையை லேசாத் தளர்த்திப் பாருங்க. அங்கயும் இழுத்தா காத்தை அளங்க. குளிர் ஏறஏறக் காத்து இறங்கும், அஞ்சு, ஆறு டிகிரி செல்சியஸ் குறைஞ்சா ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. போயிடும், ஒரு டயர் மட்டும் கூடுதலாக் குறைஞ்சிருந்தா வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். காத்தும் சரின்னா முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டுங்க (ஒரே திசையில மட்டும் உருள வேண்டிய டயரா இருந்தா வேணாம்). இழுப்பும் பக்கம் மாறுச்சுன்னா கோளாறு டயர்ல, அலைன்மென்ட்ல இல்லை. ஓட்டி நிறுத்தினதும் ஒரு வீல் மட்டும் அனலாக் கொதிச்சா பிரேக் காலிப்பர் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

உங்க வண்டிக்குன்னே ஒரு சேதி இருக்கு, இதைத் தள்ளிப் போடாதீங்க. 2012ல டொயோட்டா அமெரிக்காவுல 2006ல இருந்து 2011 வரைக்குமான ராவ்4 வண்டிகளை ஏழரை லட்சத்துக்கு மேல திருப்பி அழைச்சது (ரீகால்). காரணமே அலைன்மென்ட்தான். பின்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்ல டோவைத் திருத்திட்டு லாக் நட்டைச் சரியா இறுக்காம விட்டா, அந்த மரை ஆடி, துருப்பிடிச்சு, கடைசியில ஆர்ம் கழண்டுக்கிற ஆபத்து. அடுத்த வருஷமே அதே பிரச்சினைக்கு இன்னொரு தடவை அழைச்சாங்க. உங்க வண்டி முன்னாடி யார் யார் கையில எத்தனை அலைன்மென்ட் பார்த்துச்சோ தெரியாது. டேஷ்போர்டுல கண்ணாடி ஓரமா இருக்கிற 17 எழுத்து வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) குறிச்சுக்கிட்டு, டொயோட்டா டீலர்கிட்ட போன் போட்டு ரீகால் வேலை எதுவும் பாக்கி இருக்கான்னு கேளுங்க. இருந்தா வேலை இலவசம், நீங்க எத்தனாவது ஓனரா இருந்தாலும் சரி. அலைன்மென்ட் கடையிலயும் "பின்பக்க ஆர்ம் லாக் நட்டை டார்க் ரென்ச் வச்சு இறுக்கினீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க (டார்க் ரென்ச்னா எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்). புதுசா வந்தவன் இப்படிக் கேக்கலாமான்னு கூச்சப்படாதீங்க. மாட்டுத்தாவணியில ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசுன வாய்தானே.

பேப்பர் விஷயத்துல சட்டம் உங்க பக்கம். ஒன்டாரியோவுல வேலைக்கு முன்னாடி எஸ்டிமேட்டை எழுதி வாங்கலாம். எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல 10 சதவீதத்தைத் தாண்டி பில் போட முடியாது. மாத்தின பழைய பாகத்தை வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம். போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் இல்லைன்னா 5,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரண்டி. அலைன்மென்ட் முடிஞ்சதும் முன்னாடி இருந்த அளவு, பின்னாடி வந்த அளவு ரெண்டும் அச்சடிச்ச தாளைக் கேளுங்க. நாலு வீலுக்கும் அளவு இருக்கணும், முன் ரெண்டுக்கு மட்டும் இருந்தா பாதி வேலைதான் நடந்திருக்கு. ஸ்டியரிங் நேரா நிக்குதான்னு கடை வாசல்லயே ஓட்டிப் பாருங்க. வி.எஸ்.சி. விளக்கு (வண்டி சறுக்காமப் பார்த்துக்கிற அமைப்போடது) எரிஞ்சா சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்கு அமைக்கணும், திரும்ப உள்ள விடுங்க.

"சம்பளம் வர்ற வரைக்கும் ஓட்டலாமா"ன்னு கேட்டிருந்தீங்க. டோ மட்டும் தப்புன்னா ஓட்டலாம், டயர் தேயும், அவ்வளவுதான். பால் ஜாயின்ட்லயோ டை ராட் எண்டுலயோ ஆட்டம்னு எழுதியிருந்தா 401 நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீங்க, அதை மட்டும் முதல்ல மாத்துங்க, மத்தது பொறுக்கும். குளிர்கால டயர், கோடை டயர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தும்போதெல்லாம் அலைன்மென்ட் வேணும்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க. குளிர்காலம் முடிஞ்சு குழியெல்லாம் வாயைப் பொளந்து கிடக்கிற சீசன் கழிஞ்சதும், மே மாசம் போல, ஒருக்கா பார்த்தாப் போதும்.

கடைசியா, ஊர்ல இருந்து பார்ட்ஸ் வாங்கி வரச் சொல்லலாமான்னு ஒரு கேள்வி. வேணாம் தம்பி. ராவ்4 நம்ம ஊர்ல ஷோரூம்ல வித்த வண்டியே இல்லை, பைபாஸ் ரோட்டுல தேடினாலும் கிடைக்காது. கிடைச்சாலும் நாம கொண்டு போற பாகத்தைப் பாதிக் கடைக்காரங்க மாட்ட மாட்டாங்க, மாட்டுறவங்களும் அதுக்கு வாரண்டி தர மாட்டாங்க.