மேலே குளிரா, கீழே குளிரா? ஹீட்டிங் கேள்வி-பதில்

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளி வைத்ததும் பிரிட்டனில் ஹீட்டிங் (பாய்லரின் சுடுதண்ணீர் குழாய் வழியே ஓடி அறை ரேடியேட்டர்களைச் சூடாக்கும் ஏற்பாடு) பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். "ரேடியேட்டர் சுடவில்லை" என்று எழுதுகிறீர்கள். எந்த இடத்தில் சுடவில்லை என்று எழுதுவதில்லை. ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி கழித்து எல்லா அறைக்கும் போய், மேலே, கீழே, இரு பக்கக் குழாயிலும் கை வைத்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஹாரோ வாசகி: மாடி அறை ரேடியேட்டரில் கீழ்ப்பாதி சுடுகிறது, மேல்பாதி ஜில்லென்று இருக்கிறது. இரவில் களகளவென்று சத்தம் வேறு.

உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிடுங்கள். மேல் மூலையில் சின்னச் சதுரத் திருகு இருக்கும். அதற்கான சாவி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கீழே துணியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள், முழுதாகக் கழற்றாதீர்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறித் தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒரே பாய்லர்) என்றால் காற்று போனதில் பிரஷர் இறங்கியிருக்கும். ஆறிய நிலையில் பிரஷர் காட்டும் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அலகு) இடையில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் பாய்லருக்கு அடியில் உள்ள தண்ணீர் நிரப்பும் குழாயை மெதுவாகத் திறந்து நிரப்பி, அதன் வால்வுகளை இறுக்கமாக மூடுங்கள்.

மில்டன் கீன்ஸ் வாசகர்: கோடையில் ஒரு அறையின் ரேடியேட்டரை மட்டும் மூடி வைத்திருந்தோம். இப்போது 5-இல் வைத்தாலும் அந்த ரேடியேட்டர் அசையவில்லை.

ரேடியேட்டர் ஓரத்தில் நீங்கள் திருப்பும் எண் போட்ட அந்த வால்வுத் தலைக்குள் ஒரு ஊசி உண்டு. மாதக்கணக்கில் அழுந்தியே இருந்ததால் சிக்கியிருக்கும். வளையத்தைக் கையால் தளர்த்தித் தலையைக் கழற்றுங்கள். ஊசியை ஸ்பானரின் தட்டையான பக்கத்தால் மெல்ல அழுத்தி விடுங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக எழும்ப வேண்டும். பிளையரால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அடுத்த கோடையில் எல்லாத் தலையையும் முழுதாகத் திறந்தே வையுங்கள்.

லெஸ்டர் வாசகர்: கீழ்த்தளத்தில் மூன்று ரேடியேட்டர்களின் அடிப்பகுதி நடுவில் குளிர்கிறது. காற்றை எடுத்தும் பயனில்லை. பார்க்க வந்தவர் பாய்லரையே மாற்றச் சொல்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வது அடியில் படிந்த சேற்றின் அடையாளம். ரேடியேட்டர் இரும்பு, உள்ளே சுடுதண்ணீர், கூடவே கொஞ்சம் ஆக்ஸிஜன். இவை சேர்ந்தால் கன்னங்கரேலென்று துரு உண்டாகும். கனமானதால் அடியில் படிந்து, தண்ணீரை அந்த இடத்துக்கு விடாது. ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, வெளியிலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். கறுப்பு அதன் பக்கமாக நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்றால் கழற்றி, தோட்டத்தில் ஹோஸ் பைப்பால் கழுவினாலே போதும். வீடு முழுக்க இப்படி என்றால் பவர் ஃபிளஷ் (பம்ப் வைத்து வேகமாகத் தண்ணீர் ஓட்டிக் குழாய்களையும் ரேடியேட்டர்களையும் கழுவுவது) செய்ய வேண்டும். ஆனால் பழைய, துருவேறி மெலிந்த ரேடியேட்டர்களில் அதுவரை சேறே அடைத்து வைத்திருந்த ஓட்டை ஃபிளஷுக்குப் பிறகு ஒழுகலாம். இதை முன்கூட்டியே சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கழுவிய பின் துருத் தடுப்பு மருந்து ஊற்ற வேண்டும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் போட வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஃபிளஷ் காசுக்குக் கேடு. சேற்றை அப்படியே விட்டுப் புதுப் பாய்லரை மாட்டினால், அது புதுப் பாய்லருக்குள் போய் அடைக்கும். வாரன்டியும் கைவிட்டுப் போகலாம்.

அப்புறம் ஒன்று: வாராவாரம் பிரஷர் இறங்கி நிரப்புகிறீர்களா? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் புது ஆக்ஸிஜனை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள். ஹீட்டிங் ஓடும்போது முள் 3 பார்வரை ஏறி, வெளிச்சுவர்க் குழாயில் சொட்டினால், பெரும்பாலும் பாய்லரின் விரிவுத் தொட்டியில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தொட்டி) காற்று போயிருக்கும்.

க்ரொய்டன் வாசகி: அண்ணா, குழாயில் சுடுதண்ணி நல்லா வருது. ஒரு ரேடியேட்டரும் சுடேல்லை. காம்பி பாய்லர்.

முதலில் டைமரையும் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியையும் பாருங்கள் தங்கச்சி. சிரிக்காதீர்கள், பல வீடுகளில் அதுதான் காரணம். அவை சரியென்றால் தண்ணீரைக் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர் வால்வு சிக்கியிருக்கலாம். அது பாய்லருக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டாம். காஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவரைக் கூப்பிட்டு, வந்ததும் அந்தப் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

பர்மிங்ஹாம் வாசகர்: பாய்லருக்குப் பக்கத்து அறை சூளை. கடைசி அறை வெதுவெதுப்பு.

தண்ணீர் சுலபமான வழியில்தான் ஓடும். எல்லாத் தலையையும் முழுதாகத் திறந்துவிட்டு, பக்கத்து ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட வால்வைக் கால் கால் சுற்றாகக் குறைத்து வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சற்றுக் காத்திருந்து தொட்டுப் பாருங்கள். எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டால் திரும்ப வைப்பது சுலபம். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் செலவில்லை.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: வாடகை வீடு. பனி கொட்டிய காலையில் பாய்லர் களகளத்து நின்றுவிட்டது. வீட்டுக்காரர் மின்சார ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்.

பாய்லரிலிருந்து வெளியே போகும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கும். எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், கொதிநீர் கூடாது. உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். அந்தக் குழாயை அகலமாக்கி உறை போடுவது வீட்டுக்காரரின் வேலை. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, உங்களுடையதைப் போன்ற சாதாரண வாடகை வீடுகளில் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. ஆண்டுதோறும் காஸ் சோதனை செய்து அதன் நகலையும் தர வேண்டும். மின்சாரம் யூனிட்டுக்குக் காஸைவிடப் பல மடங்கு விலை. அந்த ஹீட்டரின் பில் உங்கள் தலையில்தான் விழும். வாய்ப்பேச்சில் விடாமல் தேதியோடும் படத்தோடும் எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் கவுன்சிலின் வாடகை வீட்டுப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள்.