முதல் மாஸ்டர்ஸ் ஸ்கீ போட்டி: முந்தின நாள் போனால் போதுமா?

முதல்முறையாக மாஸ்டர்ஸ் போட்டிக்கு, அதாவது 30 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் போகும்போது, முந்தின நாள் மாலை போய் இறங்கினால் போதுமா, எதையெல்லாம் கூடக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. விமானம் மாறும்போது ஸ்கீ பை பின்தங்கிவிடுவது சகஜம். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போனால்தான் அது வந்து சேரவும், தடத்தில் ஒருமுறை சறுக்கிப் பார்த்து ஸ்கீயின் அடியில் பூச எந்த மெழுகு அங்குள்ள பனிக்குச் சரிவரும் என்று முடிவுசெய்யவும் நேரம் இருக்கும். பூட்ஸைக் கைப்பையிலேயே வையுங்கள். ஸ்கீயை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம், காலுக்குப் பழகிய பூட்ஸ் எங்கே கிடைக்கும்? மெழுகு நீக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது, விமானத்தில் விடமாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள். ஃப்ளோரின் கலந்த பழைய மெழுகு இருந்தால் வீட்டிலேயே கிடக்கட்டும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதைத் தடைசெய்துவிட்டது, உங்கள் போட்டியின் அறிவிப்பிலும் அந்த விதியைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் தங்குமிடம். மாஸ்டர்ஸில் 30 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள், பந்தயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை, உங்கள் பிரிவின் முறை காலையிலேயே வரலாம். அதனால் மலிவான அறை என்று தொலைவில் பிடிக்காமல், போட்டிப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள், காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். மெழுகு பூச அறை உண்டா என்பதையும் கேளுங்கள், ஓட்டல் கம்பளத்தில் மெழுகு உருக்கினால் அபராதம்தான்.