வெளிறிய கார் இருக்கைக்கு ஸ்பிரே பெயின்ற் அடிக்கலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜப்பானில் பாவித்து இங்கு இறக்குமதி செய்யப்பட்ட அவருடைய காருக்கு இருபது வயது கடந்துவிட்டது. இயந்திரத்தில் குறையில்லை, ஆனால் சாம்பல் நிற இருக்கைத் துணி, சாரதி இருக்கையின் கதவுப் பக்கத்திலும் பின்னிருக்கையின் மேல் விளிம்பிலும் வெளிறிக் கபில நிறமாகிவிட்டது. வைகாசியில் மகளின் திருமணம் வருகிறது. துணிக்கு அடிக்கும் ஸ்பிரே பெயின்றை வாங்கித் தாமே அடிக்கலாமா, அடித்தால் பட்டு வேட்டியிலும் சேலையிலும் நிறம் ஒட்டுமா, அல்லது குஷன் கடையில் கொடுத்து வேறு துணி போடுவதுதான் நல்லதா என்பதே அவருடைய கேள்வி.

துணியின் இழை இன்னும் பலமாக இருந்தால் அடிக்கலாம். இழை நொய்ந்து போயிருந்தால் எந்தப் பெயின்றாலும் பயனில்லை. நிறம் மட்டும் மாறும், கிழிய வேண்டிய துணி கிழியத்தான் செய்யும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, இருக்கிற வாகனத்தைப் பேணிக்கொள்வதே பலருக்கும் ஒரே வழியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், இருக்கை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே பெயின்ற் ரின்னை வாங்கி வந்துவிடுகிறவர்கள் பலர்.

வாசகர் குறிப்பிட்டுள்ள இடங்களே காரணத்தையும் காட்டுகின்றன. காரின் முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது; புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை அந்தப் படலம் தடுத்துவிடும். பழைய கார்களின் பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் ஒற்றைத் தகடுகளே என்பதால், அவற்றின் வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே வந்து சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கிறது. நிழலே இல்லாத முற்றத்தில் வருடக்கணக்காக நிற்கும் காரில் கதவோரமும் பின்விளிம்பும் முதலில் வெளிறுவது இதனால்தான். சாயம் போன பிறகும் அதே வெயில் தொடர்ந்தால் அடுத்துக் கெடுவது இழை.

ஆகவே முதல் வேலை, வெளிறிய இடத்தில் விரல் நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பார்ப்பது. நகத்தில் தூள் தூளாக இழை வந்தால், அல்லது துணியை இரண்டு விரலால் கிள்ளி இழுக்கும்போது நெசவு விலகி உள்ளிருக்கும் பஞ்சு மெத்தை தெரிந்தால், அந்தப் பகுதிக்குப் புதுத் துணிதான் தீர்வு. மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. இழை உறுதியாக இருந்தால், வெள்ளைத் துணி ஒன்றை ஈரமாக்கி அதே இடத்தில் நன்றாகத் தேய்க்க வேண்டும். துணியில் செம்மண் நிறம் ஏறினால், வெளிறல் என்று எண்ணியதில் ஒரு பங்கு தூசி. தலைச்சாய்வைக் கழற்றி, அது மூடியிருந்த இடத்துத் துணியைப் பார்த்தால் அசல் நிறம் தெரியும். எவ்வளவு தூரம் வெளிறியிருக்கிறது என்பதை அதனோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வன்னியில் ஓடும் வாகனங்களுக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். கிரவல் வீதியின் தூசி நெசவுக்குள் இறங்கிச் சாம்பல் நிறத்தைக் கபிலமாகக் காட்டும்; அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய காரென்றால் சுணையும் சப்பியும் துணிக்குள் குத்தி நிற்கும். ஆகையால் பெயின்ற் அடிக்கத் தீர்மானித்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கையை ஒருமுறை முறையாகக் கழுவியே ஆகவேண்டும். கழுவிக் காய்ந்த பிறகு பெயின்ற் தேவையில்லை என்று முடிவாகிவிடுவதும் உண்டு, எனக்கு அதுதான் மிகவும் பிடித்த முடிவு.

கழுவும்போது ஈரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் நெசவின் இரு திசைகளிலும் இழுக்க வேண்டும். சுணை அதற்கு மசியாவிட்டால், அகலமான ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி உரித்தெடுக்கலாம். பிறகு இளஞ்சூட்டு நீரில் சலவைத்தூளைச் சிறிதளவே கரைத்து, நுரையை மட்டும் மென்மையான பிறஸ்ஸில் எடுத்துத் தேய்த்து, ஈரத்துணியால் பலமுறை ஒற்றியெடுக்க வேண்டும். வாளியோடு நீரை ஊற்றினால் அது மெத்தைக்குள் இறங்கி நாட்கணக்கில் காயாது, பிறகு பூஞ்சணம் பிடித்த மணம் போகவே போகாது. கிணற்று நீர் உவராக இருக்கும் இடங்களில், காய்ந்த பின் துணியில் வெள்ளை வளையங்கள் தெரியும். கடைசி ஒற்றலுக்கு மட்டும் மழைநீரையோ சுத்திகரித்த குடிநீரையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இருக்காது. கதவுகளைத் திறந்து நிழலில் விட்டு, குறைந்தது ஒரு முழுநாள் காயவிட வேண்டும்.

காய்ந்த துணியில் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி உள்ளே இறங்கினால் பெயின்றும் பிடிக்கும். முத்துப்போல மேலேயே உருண்டு நின்றால், எப்போதோ யாரோ உட்புறத்துக்கு அடித்த சிலிக்கோன் பொலிஷ் அங்கே இருக்கிறது என்று பொருள். சேவிஸ் செய்யும் இடங்களில் டாஷ்போட்டுக்கு அடிக்கும் அந்தப் பொலிஷ் இருக்கையிலும் படிவது வழக்கம். அதன் மேல் அடிக்கும் பெயின்ற் திட்டுத்திட்டாக விலகும்; துளி இறங்கும் வரை மீண்டும் கழுவுவதைத் தவிர வழியில்லை.

சாயத்தூள் வாங்கிக் கரைத்துத் தடவலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கார் இருக்கைத் துணி பெரும்பாலும் பொலியெஸ்ரர். அதற்குத் தொழிற்சாலையில் சாயம் ஏற்றப்படுவது அமுக்கத்தின் கீழ், ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில். பருத்திக்கென்று கடையில் கிடைக்கும் சாயம் இதில் நிற்காது. ஸ்பிரே பெயின்ற் வேறு வகையானது: நிறத்துணிக்கைகளை அக்ரிலிக் பசை இழையின் மேற்பரப்பில் ஒட்டி வைக்கிறது. அதனால்தான் அது பொலியெஸ்ரரிலும் பிடிக்கிறது. அதனால்தான் துணியைச் சற்று விறைப்பாகவும் ஆக்குகிறது. ஹாட்வெயார் கடைகளில் கேற்றுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விற்கும் ஸ்பிரேயை வாங்கிவிடக்கூடாது. அது துணியில் ஓடாகக் காய்ந்து, உட்கார்ந்ததும் வெடித்து உதிரும். இருக்கைத் துணிக்கு உரியது என்றும் காய்ந்தபின் கழுவினாலும் போகாது என்றும் ரின்னில் எழுதியிருக்க வேண்டும்.

நிறத்தைத் தேர்வதில் ஒரு விதி மாறாது. இருக்கும் நிறத்தைவிட அடர்ந்த நிறமே எடுபடும், இளநிறம் மேலே தங்காது. அசல் சாம்பலை அச்சொட்டாகப் பிடிப்பது இயலாது என்பதால், வெளிறிய திட்டுக்கு மட்டும் அடித்தால் திட்டு மேலும் எடுப்பாகத் தெரியும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதிக்கும், முடிந்தால் எல்லா இருக்கைகளுக்கும் அடிப்பதே முறை. வாசகருக்கு நான் சொல்வது கடுஞ்சாம்பல். கறுப்பு அழுக்கைக் காட்டாது என்று பலர் அதை நாடுகிறார்கள், ஆனால் சித்திரை வெயிலில் நின்ற காரில் கறுப்பு இருக்கையில் உட்கார்ந்தவர் அதை மறுமுறை தேர்ந்தெடுக்க மாட்டார்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாரியில் ஈரப்பதத்தால் பூச்சு காயாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் செம்மண் தூசி ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். கொதிக்கும் மதியத்தில் துளிகள் துணியைத் தொடுமுன்பே காய்ந்து மணல்போலச் சொரசொரக்கும். மாசியும் பங்குனியும் இவ்வேலைக்கு வாய்ப்பான மாதங்கள். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள், காற்று எழுமுன் முடிப்பது நல்லது. வைகாசித் திருமணத்துக்கு, பங்குனி முடிவதற்குள் இந்த வேலையை முடித்துவிட்டால் பூச்சு இறுகப் போதிய அவகாசம் கிடைக்கும்.

பல கார்களில் பின்னிருக்கையின் அடிமெத்தையை முன்விளிம்பில் பிடித்து மேலே இழுத்தால் கொளுக்கி விட்டுக் கழன்று வரும். அதை வெளியே எடுத்து நிழலில் படங்கு விரித்து அடிப்பது எளிது. முன்னிருக்கையை நீங்களாகக் கழற்ற முயல வேண்டாம். அதன் பக்கத்தில் காற்றுப்பை பொருத்தப்பட்டிருக்கலாம். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு வயர் தெரிந்தால் அது கராஜ்காரருக்குரிய வேலை. காற்றுப்பை விரியும்போது அந்தப் பக்கத் தையல் பிரிந்து வழிவிட வேண்டும் என்பதால், அத்தையலின் மேல் பெயின்ற் படாமல் மறைத்துவிட வேண்டும். இருக்கைப் பட்டியில் ஒரு துளியும் விழக்கூடாது. பெயின்றில் உள்ள கரைப்பான் அந்த நாடாவின் இழையை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்து அறிய முடியாது. பலவீனம் தெரியவருவது விபத்தில்தான். பட்டியை முழுதாக இழுத்துப் பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டுங்கள், பிளாஸ்ரிக் பகுதிகளை மாஸ்கிங் ரேப்பாலும் பழைய பத்திரிகையாலும் மூடுங்கள்.

அடிக்கும்போது ரின்னை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில், அதாவது 20 முதல் 25 சென்ரிமீற்றரில் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். முதலில் தலைச்சாய்வின் பின்புறத்தில் அடித்து ஒருநாள் விட்டுப் பார்ப்பது கட்டாயம். முதல் பூச்சு துணியைப் பாதி மறைத்தால் போதும். ஒரே தடவையில் மூடிவிட நினைப்பவர்தான் இருக்கையைப் பழுதாக்குகிறார். பூச்சு கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், இறுகிவிடுமுன், காய்ந்த மென்பிறஸ்ஸால் துணியைத் தேய்த்து இழைகளைப் பிரித்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தால் துணி துணியாகவே இருக்கும். செய்யாவிட்டால் காய்ந்த பின் றெக்சின்போல விறைத்துவிடும். அடுத்த பூச்சை முதற்பூச்சுக்குக் குறுக்காக அடிக்கலாம். மூன்று அல்லது நான்கு மெல்லிய பூச்சுகள் பெரும்பாலும் போதும். சொரசொரப்பான, மயிர் எழும்பிய துணி மேலும் குடிக்கும்.

நான்கு கதவுகளும் திறந்திருக்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும், பக்கத்தில் பீடியோ சாம்பிராணியோ அடுப்போ எரியக்கூடாது. ரின்னுக்குள் இருந்து பெயின்றைத் தள்ளுவது எளிதில் தீப்பற்றும் வாயு.

இனி வேட்டிக்கும் சேலைக்கும் வருவோம். மூன்று நாள் யாரும் உட்காராமல் விட்ட பிறகு, ஈரமான வெள்ளைத் துணியை உள்ளங்கையால் அழுத்தி இருக்கையில் இருபது முறை தேய்த்துப் பாருங்கள். ஈரத்தோடு தேய்க்கச் சொல்வதற்குக் காரணம், உலர்ந்த துணியில் ஒட்டாத நிறமும் வியர்வையில் ஒட்டும் என்பதுதான். துணியில் நிறம் ஏறினால் மேலும் ஒரு வாரம் விடுங்கள். வெப்பத்தால் இறுக்க வேண்டும் என்று ரின்னில் இருந்தால், தலைமுடி உலர்த்தியை அசைத்தபடி சூடாக்குங்கள். அதன் பிறகும் ஏறினால், அடியில் இருக்கும் அழுக்கின் மேல் பெயின்ற் அடித்திருக்கிறீர்கள் என்றே கருத வேண்டும். சோதனையில் தேறினாலும், திருமண நாளில் இருக்கையில் வெள்ளைப் பருத்தி விரிப்பைப் போடுங்கள். பட்டுத் துணியை வைத்துப் பரீட்சை பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

குஷன் கடையா என்ற கேள்விக்கு: நொய்ந்தது ஒரு பகுதி மட்டுமென்றால், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அந்தப் பகுதியை மட்டும் பிரித்து வேறு துணி தைக்கச் சொல்லலாம், பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடித்தால் வித்தியாசம் குறையும். வாடகைக்கு ஓடும் வான்களுக்கு இந்த வைத்தியம் சரிவராது. நாள் முழுதும் ஆள் ஏறி இறங்கும் இருக்கையில் பூச்சு தேய்ந்துவிடும், அங்கே உறை போடுவதே சிக்கனம். றெக்சின் இருக்கைக்குத் துணிப் பெயின்ற் பிடிக்காது, அதற்கென்று வேறு பெயின்ற் உண்டு.

அடித்த இருக்கையைப் பிற்பாடு ஈரத்துணியால் துடைக்கலாம். பெற்றோலோ தின்னரோ தொடக்கூடாது. நிறுத்தும்போது பக்கக் கண்ணாடிக்கு உட்புறமாக ஒரு துணியைத் தொங்கவிடுவது, முன்கண்ணாடிக்கு மட்டும் மறைப்பு வைப்பதைவிட இருக்கைக்கு உதவும். மிஞ்சிய ரின்னைத் தலைகீழாகப் பிடித்து, வாயு மட்டும் வரும்வரை அழுத்தி வாயைச் சுத்தமாக்கி, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். 50 பாகைக்கு மேல் சூடாகக்கூடாது என்று ரின்னில் எழுதியிருக்கும். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் அந்த வெப்பம் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால் டிக்கியில் வைக்கும் பழக்கம் வேண்டாம். வெறும் ரின்னையும் வளவில் குப்பையோடு கொளுத்தாதீர்கள், அது வெடிக்கும்.