மறு: மாக்னா கார்ட்டா என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது

வணக்கம். இங்கிலாந்தில் அரசியலமைப்பு முடியாட்சி, அதாவது மன்னர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஆளும் முறை, 1215 மாக்னா கார்ட்டா சாசனத்தோடு வந்துவிட்டது என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகச் சொல்கிறீர்கள். வருத்தம்தான், ஆனால் திருத்தியவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஜான் மன்னர் ஜூனில் முத்திரை வைத்த அந்தச் சாசனத்தை, ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் செல்லாது என்று அறிவித்துவிட்டார். பின்னால் அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள், அது தனிக்கதை.

நீங்கள் பிடித்திருக்க வேண்டியது 1689. மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிப்போனபின், அவர் மருமகன் வில்லியமும் மகள் மேரியும் அரியணை ஏறிய ஆண்டு. நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி கூடாது, அது ஒப்பாமல் அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை கூடாது, மன்னர் தன் விருப்பத்துக்குச் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்றது அந்த ஆண்டின் உரிமைச் சட்டம். அதைவிட முக்கியம் பணம் என்பேன். வில்லியமின் பிரெஞ்சுப் போருக்குக் காசு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அன்றுமுதல் நாடாளுமன்றம் ஆண்டு தவறாமல் கூடியது. கஜானா சாவி கைமாறிவிட்டது!

அப்போதும் மன்னர் பொம்மையாகிவிடவில்லை. மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி ஆள் ஆன் அரசி, 1708இல். 1834இல்கூட நான்காம் வில்லியம் பிரதமர் மெல்போர்னை வீட்டுக்கு அனுப்பினார். சில மாதங்களில் அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

மறுமதிப்பீட்டுக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.