குதிரைப் பாதையில் நூறு கிலோமீட்டர் – கடிதம்

வணக்கம் சார்,

திருவான்மியூரில் வசிக்கிறேன். சில வருடங்களாக ஓடுகிறேன். இரண்டு முழு மாரத்தான் முடித்திருக்கிறேன். வரும் மே மாதம் ஸ்பெயினின் மெனோர்கா தீவில், கரையைச் சுற்றிவரும் காமி தெ கவால்ஸ் என்ற குதிரைப் பாதையில் நடக்கும் போட்டியில், வடகரை நூறு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதம் இருக்கிறது. எங்கள் ஓட்டக் குழுவில், "அந்தத் தீவிலேயே உயரமான மலை 358 மீட்டர்தான். கிலோமீட்டரை ஏத்திக்கிட்டே போ, போதும்" என்கிறார்கள். இப்போது வாரம் 60 கி.மீ. ஓடுகிறேன். அதை 110 ஆக்கினால் சரியாக இருக்குமா? நான் சுத்த சைவம். வழியில் என்ன சாப்பிடுவது? தென்கரைப் போட்டி 85 கி.மீ.தான். பேசாமல் அதற்கு மாறிவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

ர., சென்னை

அன்புள்ள ர.,

110 வேண்டாம். எழுபது, எழுபத்தைந்து போதும். ஆனால் அதில் பாதியாவது தார்ச்சாலையில் இருக்கக் கூடாது.

உங்கள் குழுவினர் சொல்லும் 358 மீட்டர், தீவின் நடுவில் இருக்கும் எல் தோரோ. கரையோரப் பாதை அந்தப் பக்கமே போவதில்லை. நான் அங்கே போட்டியில் ஓடியதில்லை, மூட்டையோடு நடந்திருக்கிறேன். வடகரையில் ஒவ்வொரு குடாவுக்கும் இறங்க வேண்டும், மணலைக் கடக்க வேண்டும், அடுத்த முனைக்கு ஏற வேண்டும். மேலே போய் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த குடா தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஏற்றமும் ஏற்றமே இல்லை. நாள் முழுக்க இதையே செய்யும்போதுதான் தொடை கணக்குக் கேட்கும்.

பாதை அப்படி அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. கடற்கொள்ளையரும் எதிரிக் கப்பல்களும் வந்துகொண்டே இருந்த தீவு அது. 1535இல் பார்பரோசா மாவோ நகரைச் சூறையாடினார், 1558இல் துருக்கியர் சியூதாதெயாவை அழித்தார்கள். காவற்கோபுரங்களை இணைத்து, குதிரை மேல் காவலர்கள் கரையைப் பார்த்தபடியே சுற்றிவருவதற்கான வழி இந்த 185 கி.மீ. கடலை விட்டு விலகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சுருக்குவழியை எங்கிருந்து எதிர்பார்ப்பது? பிற்காலத்தில் பண்ணை முதலாளிகள் ஆங்காங்கே வழியை அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 2000இல் சட்டம் வந்து, 2010இல் முழுப் பாதையும் எல்லோருக்கும் திறந்தது. இன்றும் பல இடங்களில் பண்ணைகளின் ஊடாகத்தான் போவீர்கள். காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளில் செய்த கதவுகள் குறுக்கே வரும். திறந்து, போய், திரும்பிச் சாத்த வேண்டும். மாடு வெளியே போய்விட்டால் அது உங்கள் பொறுப்பு. ராத்திரி விறைத்த விரலோடு அந்தக் கொக்கியைத் தேடும்போது எரிச்சல் வரும், பரவாயில்லை.

தரையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சியூதாதெயாவுக்கு வடக்கே புந்தா நாதி பக்கம் வெறும் சுண்ணாம்புக்கல். மழை அரித்த விளிம்பெல்லாம் கூராக நிற்கும். இரண்டு கல்லுக்கு நடுவில் பாதத்தின் முன்பாதி மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து. மரம் கிடையாது, நிழல் கிடையாது. அங்கே ஓடுகிறவர்கள் கடலைப் பார்ப்பதில்லை, அடுத்த மூன்று அடியை மட்டும்தான் பார்க்கிறார்கள். அப்புறம் அல்காயாரென்ஸ் தாண்டினால் ப்ரெகோந்தா வரை செம்மண்ணும் உருளும் கல்லுமாக ஏற்ற இறக்கம். வடகரையின் கடினமான பகுதி என் கணக்கில் அதுதான். ஃபாவாரிட்ஸ் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கறுத்த பலகைக்கல். சில கடற்கரைகளில் காய்ந்த கடற்புல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். பாதையோரத்தில் உருண்டையாக, அடக்கமாக இருக்கும் செடிகளைத் தொடாதீர்கள், அத்தனையும் முள்.

ஆகவே பயிற்சியை இதற்கேற்ப வையுங்கள். உங்கள் வீட்டு வாசலில் மணல் இருக்கிறது. அலை நனைத்த ஈர மணலில் இல்லை, அதற்கு மேலே கால் புதையும் காய்ந்த மணலில் வாரம் ஒரு நாள் போங்கள். இன்னொரு நாள் பரங்கிமலைப் படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது, சேதம் அதில்தான் அதிகம். முதல் முறை மூன்று நாள் வலிக்கும். இரண்டாவது முறை அந்த வலி பாதிகூட இருக்காது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். மாதம் ஒரு முறை ஏலகிரி போங்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் நடந்து ஏறி ஓடி இறங்குங்கள். காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு இதில் யாரும் விளையாடக் கூடாது.

இன்னொன்று, நடை. மாரத்தான்காரர்களுக்கு நடப்பது அவமானம் மாதிரி. நூறு கிலோமீட்டரை மணிக்கு ஆறு கி.மீ. என்று முடித்தாலே பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி நடைதான். வேகமாக, கை வீசி, பையோடு நடக்கப் பழகுங்கள். கைக்கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும் திரையை எடுத்துவிடுங்கள். இந்தத் தரையில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்தே மனம் உடைந்து பாதியில் உட்கார்ந்தவர்களை வேறு பந்தயங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயிலில் உங்களுக்கு லாபம். ஏப்ரல் சென்னையில் ஓடிவிட்டு வருகிறவருக்கு மே மாத மெனோர்கா ஒன்றுமே இல்லை. கஷ்டம் காற்றில் இருக்கிறது. திரமுந்தானா என்ற வடகாற்று அடித்தால் வடகரையில் மறைப்பு கிடையாது. அங்கே மரங்களே தெற்குப் பக்கம் சாய்ந்துதான் வளர்ந்திருக்கின்றன. மே மாதம் பொழுது சாய ஒன்பது மணி ஆகும். அதற்கப்புறம் வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நடந்தால் நம் ஊர்க்காரர்களுக்குப் பல் தந்தியடிக்கும். காற்று நுழையாத மேல்சட்டை, உள்ளே போட ஒரு உலர்ந்த பனியன், இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். தலைவிளக்கை அங்கே போய் முதல் முறையாக மாட்டாதீர்கள். அந்த வெளிச்சத்தில் கல்லின் ஆழம் தெரியாது, எல்லாம் தட்டையாகத் தோன்றும். குழுவோடு சில இரவுகள் போய்ப் பழகுங்கள்.

சாப்பாடு. மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதாவது இரண்டு வாழைப்பழத்துக்குக் கொஞ்சம் மேலே. படிக்கச் சுலபம். எட்டாவது மணி நேரத்தில் வாயைத் திறக்கவே பிடிக்காது. அதனால் நீண்ட ஓட்டங்களில் வயிற்றையும் சேர்த்துப் பழக்குங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் கொண்டுபோகலாம். பால்கோவா, நெய் சேர்ந்த இனிப்பு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். உணவு மேசைகளில் பழமும் ரொட்டியும் கிடைத்தாலும், சூப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். பயத்தில் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால், ஆளே போய்விடுகிற அளவுக்கு ஆபத்து.

கடைசியாக, தெற்கா வடக்கா. தெற்கில் பைன் காடு, வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று, மகரேயா, கலா கல்தானா என்று ஒன்றைவிட ஒன்று அழகான குடாக்கள். நிழலும் உண்டு. ஆனால் பதினைந்து கிலோமீட்டர் குறைவு என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலு மணியிலிருந்து எட்டு மணி நேரம், ஏலகிரியில் மேலும் கீழுமாகப் போய்ப் பாருங்கள். மறுநாள் வீட்டு மாடிப்படியை நேராக இறங்க முடிந்தால் வடக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினால் 85க்கு மாற்றித் தரச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். மாற்றுவதற்குக் கடைசித் தேதி எது என்பதை மட்டும் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது மார்ச்சுக்கு முன்னாலேயே முடிகிறது என்றால் ஏலகிரியை பிப்ரவரிக்கு இழுத்துவிடுங்கள்.