மறுநாளே வந்த பாலத் தள விரிசல்

புதிதாக வார்த்த பாலத் தளத்தில் விரிசல் ஏன் வந்தது என்று கேட்டீர்கள். பாரம் தாங்காமல் வந்த விரிசல் இல்லை இது. வார்த்த மறுநாளே, 150 மி.மீ. இடைவெளியில், குறுக்குக் கம்பிகளுக்கு நேர் மேலே என்கிறீர்கள். கான்கிரீட் இறுகுமுன் கீழே படியும், கம்பி படியாது. அதனால் கம்பியின் முதுகில் பிளந்துவிடும். தண்ணீர் கூடின கலவையும் குறைந்த கவரும் (கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட் கனம்) சேர்ந்தால் இது வர வாய்ப்பு மிக அதிகம்.

சோதித்துப் பாருங்கள்:

1. கவர் மீட்டர் (உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வைத்துக் கம்பிகளைச் சாக்பீஸால் கோடிடுங்கள். விரிசல் அதே கோட்டில் ஓடினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. கோணல்மாணலாக ஓடினால் வேறு கதை. வெயிலும் காற்றும் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ ஆவியானாலே ஆபத்துதான்.

அடுத்த வார்ப்பில், இறுகத் தொடங்கும் முன் மறுபடி வைப்ரேட்டர் போடுங்கள். பலர் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் இதைப்போலப் பலன் தருவது வேறில்லை. அப்புறம் தளத்தின் மேல் ஈரச் சாக்கு, குறைந்தது 7 நாள்.

இருக்கிற விரிசலை அடைக்காமல் விடாதீர்கள். கம்பி நெடுகவே ஓடுவதால் நீரும் உப்பும் நேரே கம்பியைத் தொடும்.

ஒன்று மட்டும்: தளத்தின் அடியில் ஈரக்கசிவு தெரிந்தாலோ, வாரக்கணக்கில் விரிசல் அகன்றாலோ, நான் சொன்ன காரணம் மட்டும் போதாது. வடிவமைத்த பொறியாளரை நேரில் வரவழையுங்கள்.