ஒசாகாவில் முடி வெட்டிக்கொள்வது எப்படி?

கேள்வி: வேலை நிமித்தமாக ஒசாகாவில் குடியேறியுள்ளேன். ஜப்பானிய மொழி சிறிதும் வராது. அண்மையில் ஒரு சலூனில் ‘மீடியம்’ என்று சொல்லி அமர்ந்தேன். அடர்த்தியைக் குறைத்து, முடி பரட்டையாக நிற்கும்படி வெட்டிவிட்டார்கள். தாடியை மழிக்கவும் மறுத்துவிட்டார்கள். இனி யாரிடம் சென்று எப்படிக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் சென்றது ‘பியோஷி’ எனப்படும் அழகுக்கலைஞரின் கடையாக இருந்திருக்க வேண்டும். ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு இரண்டு தனித்தனி உரிமங்கள் உள்ளன. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருபவர் ‘ரியோஷி’ எனப்படும் முடிதிருத்துநர். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருபவர் பியோஷி. இருவரும் தேசியத் தேர்வு எழுதித் தேறியவர்களே என்றாலும், முகச் சவரத்தை முழுமையான தொழிலாகச் செய்யும் உரிமை முடிதிருத்துநருக்கு மட்டுமே உண்டு. எனவே தாடியை மழிக்க மறுத்ததை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். சட்டம் அவர்களைத் தடுக்கிறது. அழகு நிலையங்கள் ஆண்களுக்கு முடி மட்டும் வெட்டிவிடக் கூடாது என்று 1978-இல் அரசு அனுப்பிய சுற்றறிக்கைகூட 2015-இல்தான் நீக்கப்பட்டது. சவரமும் வேண்டுமென்றால், சிவப்பு, வெள்ளை, நீல வரிகள் சுழலும் கம்பம் வைத்த கடையைத் தேடிச் செல்லுங்கள். அங்கே முன்னால் குனிய வைத்துத் தலையை அலசி, வெந்நீர்த் துண்டால் முகத்தை மூடி, பொறுமையாகச் சவரம் செய்வார்கள். அந்த நேர்த்தியை ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒசாகா வட்டாரத்தில் இத்தகைய கடைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

அடர்த்தியைக் குறைத்ததற்கும் காரணம் உண்டு. ஜப்பானியரின் முடி பெரும்பாலும் தடிப்பாகவும் நேராகவும் இருப்பதால், வெட்டியபின் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். அதைப் படிய வைக்கவே பல் வைத்த கத்தரியால் ஊடே ஊடே வெட்டி அடர்த்தியைக் குறைக்கும் பழக்கம் அங்கு வேரூன்றியிருக்கிறது. நம்மில் பலருக்கு உள்ளது போன்ற சுருள் முடியில் அதையே செய்தால், குட்டையான இழைகள் மேலெழும்பி நீங்கள் சொல்லும் பரட்டைத்தன்மை வந்துவிடும். ஆகவே அமர்ந்தவுடன் ‘சுகனைதே குதசாய்’, அதாவது அடர்த்தியைக் குறைக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

‘மீடியம்’, ‘ஷார்ட்’ போன்ற பெயர்களை அறவே விட்டுவிட்டு, அளவில் பேசுங்கள். பக்கங்களுக்கும் பிடரிக்கும் மெஷின் எத்தனை மில்லிமீட்டர் என்பதை விரலால் தொட்டுக் காட்டி ‘ரொக்கு மிரி’ என்றால் ஆறு, ‘க்யூ மிரி’ என்றால் ஒன்பது என்று புரிந்துகொள்வார்கள். நன்றாக வெட்டப்பட்டிருக்கும் நாளில் உங்கள் தலையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து வைத்திருங்கள். நடிகரின் படத்தைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்; ஏனெனில் அதிலிருப்பது உங்கள் முடி, உங்கள் சுழி.

அவசரத்திற்கு ‘கியூபி ஹவுஸ்’ போன்ற விரைவுக் கடைகள் உள்ளன. 1996-இல் தோக்கியோவின் கண்டா பகுதியில், பத்து நிமிடத்துக்கு 1,000 யென் என்று தொடங்கிய நிறுவனம் அது. இன்று கட்டணம் அதைவிடக் கூடுதல். இயந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு எடுக்க வேண்டும். தலையை அலச மாட்டார்கள், சவரம் கிடையாது. உதிர்ந்த முடியைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். எந்தக் கடையிலும் அன்பளிப்புப் பணம் தர வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஜப்பானிலேயே முதல் மொட்டை போட இயலுமா?
– ஒரு தாய், யோக்கோஹாமா

பதில்: இயலும். ஆனால் கைக்குழந்தையின் தலையில் சவரக்கத்தி வைக்க எல்லா முடிதிருத்துநர்களும் இசைவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்கூட்டியே நேரில் சென்று கேளுங்கள். மறுத்தால், குழந்தைகளுக்கென விற்கப்படும் மெஷினால் வீட்டிலேயே ஒட்ட வெட்டிவிடலாம். அங்கே குழந்தையின் முதல் முடியைக் கொண்டு எழுதுதூரிகை செய்து பாதுகாக்கும் வழக்கமும் உண்டு. ஒருமுறையும் வெட்டப்படாத, நுனி மெலிந்த முடிதான் அதற்கு உகந்தது. தூரிகை வேண்டுமானால், மெஷின் வைப்பதற்கு முன்பே நீளமான கற்றைகளை நுனி கலையாமல் கட்டி, அடியோடு வெட்டித் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.